ப்ரான்சன் (2008): இவன் ஏன் அடிக்கிறான் என்று படத்தில் எங்கே சொல்கிறார்கள்?

ஜூன் 2, கேள்வி

நடிகர் டாம் ஹார்டிக்காக ‘ப்ரான்சன்’ பார்த்தேன். ஒன்றரை மணி நேரம் ஒரு மொட்டைத்தலை மீசைக்காரன் ஜெயில் வார்டர்களை அடிக்கிறான், வார்டர்கள் அவனை அடிக்கிறார்கள், மறுபடி அவன். ஏன் இப்படி ஆனான் என்று ஒரு காட்சிகூட இல்லை. அப்பா குடிகாரரா, அம்மா விட்டுவிட்டுப் போனாளா, பள்ளிக்கூடத்தில் யாராவது கொடுமைப்படுத்தினார்களா, எதுவும் கிடையாது. இதில் உண்மைக் கதை என்று வேறு. ஒரு ரவுடிக்குக் கட்-அவுட் வைத்ததைத் தவிர இந்தப் படத்தில் என்ன இருக்கிறது?

ஜூன் 2, இரவு 11.20

கட்-அவுட்தான், ஒப்புக்கொள்கிறேன். அதை அவனே வரைந்து, அவனே ஏணி போட்டு ஏறிக் கட்டுகிறான், அதுதான் படம். ஆரம்பத்திலேயே நம்மைப் பார்த்துச் சொல்லிவிடுகிறான்: பேர் சார்லஸ் ப்ரான்சன், வாழ்க்கை பூராவும் பிரபலமாக வேண்டும் என்றே ஆசை. பாட்டு வராது, நடிப்பும் வராது, அப்புறம் என்ன வழி என்று நம்மையே கேட்பதுபோல ஒரு சிரிப்பு. நீங்கள் தேடும் காரணம் அந்தச் சிரிப்போடு முடிந்துவிடுகிறது. குடிகார அப்பாவை எதிர்பார்த்தது நம் சினிமாப் பழக்கம். ஃபிளாஷ்பேக்கில் அழுக்குச் சட்டையோடு ஒரு பையன் அழாவிட்டால் நமக்கு வில்லனை நம்ப முடியாது. இந்த ஆளுக்குப் படத்தில் காட்டுவது ஒழுங்கான வீடு, ஒழுங்கான அப்பா அம்மா.

நிஜ ஆள் மைக்கேல் பீட்டர்சன், 1952இல் இங்கிலாந்தின் லூட்டனில் பிறந்தவர். 1974இல் எல்ஸ்மியர் போர்ட் பக்கம் ஒரு தபால் நிலையத்தில் கொள்ளையடித்தார். கிடைத்தது 26 பவுண்டு 18 பென்ஸ், தண்டனை 7 வருடம். பேசாமல் இருந்திருந்தால் அதற்கும் முன்னாலேயே வெளியே வந்து எங்காவது பெயின்ட் அடித்துப் பிழைத்திருக்கலாம். உள்ளே போட்ட சண்டைகளில் தண்டனை வளர்ந்துகொண்டே போய், இத்தனை வருடத்தில் வெளியே இருந்தது மொத்தமே 69 நாள். இதில் ஒரு கொலைகூடக் கிடையாது. யாரையும் கொல்லாமலேயே அந்த நாட்டின் மோசமான கைதி என்று பேர் வாங்குவது லேசான காரியமா?

ஜூன் 3, காலை

69 நாள் என்று எழுதியது தப்பு, ஒருவர் உடனே பிடித்துவிட்டார். 1987 அக்டோபர் கடைசியில் வெளியே வந்து, 1988 ஜனவரியில் நகைக்கடைக் கொள்ளைக்காக மறுபடி உள்ளே போனது 69 நாள். 1992 நவம்பரில் இன்னொரு தடவை விட்டார்கள், அது 53 நாள். கூட்டினால் 122, அதாவது நாலு மாதம். படத்தில் வருவது முதல் விடுதலை மட்டும்தான். நான் படத்தை வைத்துக் கணக்குப் போட்டுவிட்டேன். உண்மைக் கதை என்று வேறு போடுகிறார்கள் என்று நீங்கள் அலுத்துக்கொண்டது எனக்கும் சேர்த்துத்தான்.

ஜூன் 3, இரவு

நேற்று எழுதியதில் முக்கியமானது விட்டுப்போய்விட்டது. அந்த மேடை.

படத்தின் நடு நடுவே ப்ரான்சன் ஒரு நாடக மேடையில் நிற்கிறான், முகத்தில் அரிதாரம், எதிரே இருட்டில் கோட்டு சூட்டுப் போட்ட கூட்டம். கதையை அவர்களுக்குச் சொல்கிறான், கண்ணடிக்கிறான், கைதட்டு வாங்குகிறான். ஒரு இடத்தில் முகத்தில் ஒரு பாதி மட்டும் பெண் வேஷம். இந்தப் பக்கம் திரும்பினால் நர்ஸ், அந்தப் பக்கம் திரும்பினால் அவன், இரண்டு பேருக்கும் குரல் மாற்றிப் பேச்சு. இதைப் பார்த்ததும் எனக்குத் தெருக்கூத்துதான் ஞாபகம் வந்தது. பங்குனியில் எங்கள் பாட்டி ஊரில் விடிய விடியக் கூத்து நடக்கும். கட்டியங்காரன் வந்து ராஜா வருகிறார் பராக் என்பான், ராஜா வந்து நெஞ்சை நிமிர்த்தியதும் அவரையே நக்கல் அடிப்பான். துரியோதனனுக்கு எவ்வளவு பெரிய கிரீடம் இருந்தாலும் பக்கத்தில் கட்டியங்காரன் நிற்கிறவரை ஆட்டம் ஒரு அளவுக்கு மேல் போகாது.

ப்ரான்சன் தனக்குத் தானே கட்டியங்காரன். பராக் சொல்கிறவனும் அவன், கிரீடம் வைத்தவனும் அவன். நக்கல் அடிக்கப் பக்கத்தில் ஆளே இல்லை. அவன் பெருமை பேசப் பேச நமக்கு ஒரு கட்டத்தில் சிரிப்பு நின்றுபோகிறது, எனக்கு அது மனநல மருத்துவமனைக் காட்சியில் நடந்தது. ஊசி போட்டு, எச்சில் வழிய, நடக்கக்கூட முடியாமல் கிடக்கிறான். சுற்றி நோயாளிகள் பெட் ஷாப் பாய்ஸ் என்ற பாப் குழுவின் பாட்டுக்கு ஆடுகிறார்கள். முதல் தடவை பார்த்தபோது அது வேடிக்கையாக இருந்தது. இரண்டாம் தடவை, அடிக்க முடியாத ப்ரான்சன் எப்படி இருப்பான் என்று காட்டுகிற ஒரே இடம் அதுதான் என்று பட்டது. மேடையில் இருந்து இறக்கிவிட்ட நடிகன். அங்கிருந்து சாதாரண ஜெயிலுக்குத் திரும்ப வேண்டும் என்பதற்காக இன்னொரு நோயாளியின் கழுத்தை நெரிக்கிறான். ஜெயிலுக்கு ஏங்குகிற ஒருவனை நான் வேறு எந்தப் படத்திலும் பார்த்ததில்லை.

ஜூன் 4

பேர் எப்படி வந்தது என்று ஒருவர் கேட்டிருந்தார். வெளியே இருந்த அந்த 69 நாளில் கையுறை இல்லாத குத்துச்சண்டை போட்டார், சண்டை ஏற்பாடு செய்தவர் வைத்த பேர் அது. அமெரிக்க நடிகர் சார்லஸ் ப்ரான்சனின் பேர். படத்தில் இவன் ‘சார்ல்டன் ஹெஸ்டன்’ என்று வைத்துக்கொள்ளவா என்று கேட்பான், அவர் முகம் சுளித்து இதைக் கொடுப்பார். பேரைக்கூட வாடகைக்கு எடுத்த ஆள்! 2014இல் அதையும் மாற்றிக்கொண்டார். இப்போது சார்லஸ் சால்வடார், ஓவியர் சால்வடார் டாலியின் ஞாபகமாக. கீழே நான் ப்ரான்சன் என்றே எழுதுகிறேன், இல்லாவிட்டால் எனக்கே குழம்பும்.

ஜூன் 4, பிற்பகல்

இயக்குநரைப் பற்றிக் கொஞ்சம். நிக்கோலஸ் விண்டிங் ரெஃப்ன், டென்மார்க்காரர். 2003இல் எடுத்த ஒரு படத்தால் கடனில் மூழ்கியவர். ‘டிரைவ்’ எடுத்துப் பெரிய ஆளானது 2011இல், இது அதற்கு முந்தைய கஷ்ட காலத்துப் படம். செலவு சுமார் 2 லட்சத்து 30 ஆயிரம் டாலர், ஹாலிவுட்டில் அது சாப்பாட்டுச் செலவுக்கே காணாது. ஒளிப்பதிவு லாரி ஸ்மித், இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக்கோடு வேலை செய்தவர். அந்த அகலமான அசையாத ஃபிரேம்களும், ஜெயில் அடிதடிக்குப் பின்னால் வெர்டி, வாக்னர் ஆகியோரின் ஓபரா இசை ஓடுவதும் சும்மா வரவில்லை. ரெஃப்னுக்கு நிறக்குருடு உண்டு, நடுத்தர நிறங்கள் தெரியாது என்பதால்தான் தன் படங்களில் எல்லாமே எடுப்பாக இருக்கின்றன என்று அவரே சொல்வார். முதல் காட்சியில் கூண்டுக்குள் அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் அவன் உடம்பு தெரிகிறதே, அதைப் பார்த்தால் புரியும்.

நிஜ ப்ரான்சனை நேரில் பார்க்க ரெஃப்னுக்கு அனுமதி கிடைக்கவில்லை, போனில் பேசியதோடு சரி. ஹார்டி போய்ப் பார்த்தார். உடம்பை ஏற்றினார், சுமார் 19 கிலோ. அவருடைய உடம்பையும் ஆர்வத்தையும் பார்த்து ப்ரான்சன் தன் மீசையையே மழித்துக் கொடுத்தனுப்பினாராம், படத்தில் வைத்துக்கொள்ளச் சொல்லி. ஆக, நடிகர் ஒருவர், பேர் இன்னொரு நடிகருடையது, மீசை மட்டும் அசல்.

கேள்வி கேட்டவருக்கு: இந்தப் படம் ப்ரான்சனைவிடத் தன்னைப் பற்றியது என்று ரெஃப்ன் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பிரபலமாகத் துடிக்கிற, ஆனால் எந்தக் கலையில் என்று தெரியாமல் முட்டி மோதுகிற ஒருத்தன். வாழ்க்கை வரலாறு என்று போய் உட்கார்ந்தால் ஏமாற்றம்தான். நானும் முதலில் ஏமாந்தேன்.

ஜூன் 4, இரவு

“அப்படியானால் அவர் தன்னைப் பற்றியே எடுக்க வேண்டியதுதானே, ஒரு நிஜக் குற்றவாளி எதற்கு?” என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்கு என்னிடம் பதில் இல்லை. யோசிக்கிறேன்.

ஜூன் 6

சரி, சொந்தக் கதைக்கு வருகிறேன். இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், ஏனோ தயங்கினேன்.

என் அப்பா சிறைக் காவலர். ஒரு மத்தியச் சிறையில் வார்டராகச் சேர்ந்து, தலைமைக் காவலராக ஓய்வு பெற்றவர். நான் வளர்ந்ததே ஜெயில் குவார்ட்டர்ஸில்தான். சாயங்காலம் லாக்-அப் முடிந்து எண்ணிக்கை சரியாக வந்தால்தான் அப்பா வீட்டுக்கு வருவார், ஒரு தலை குறைந்தாலோ கூடினாலோ எங்களுக்குச் சாப்பாடு தாமதம். போன ஞாயிற்றுக்கிழமை, உங்கள் கேள்வியைப் படித்த வேகத்தில், அவருக்கு லேப்டாப்பில் இந்தப் படத்தைப் போட்டுக் காட்டினேன். இங்கிலீஷ் அவ்வளவாக வராது, நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே வந்தேன். முறுக்கு சாப்பிட்டபடி பார்த்தார். மேடைக் காட்சிகள் வந்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அதில் அக்கறை இல்லை என்று அர்த்தம். செல்லுக்குள் வார்டர்கள் கும்பலாக நுழையும் காட்சிகளில் மட்டும் முன்னால் சாய்ந்தார்.

படம் முடிந்ததும் அவர் கேட்டது ஒன்றே ஒன்று. “இத்தனை தடவை அடி வாங்குறாங்களே, அந்த வார்டருங்கள்ல ஒருத்தன் பேராவது சொன்னாங்களா?”

நான் யோசித்துப் பார்த்தேன். எனக்கு ஒரு பேர்கூட ஞாபகம் வரவில்லை. மூன்று தடவை பார்த்த படம்.

அப்புறம் அவர் ஒரு கைதியைப் பற்றிச் சொன்னார். எனக்கு ஏழு எட்டு வயது இருக்கும்போது அப்பா ஒரு வாரம் இடது கையில் கட்டோடு இருந்தார், குழம்பு கொட்டிவிட்டது என்று அம்மா சொல்லியிருந்தாள். குழம்பு இல்லையாம். காலையில் தனிக் கொட்டடி திறக்கும்போது ஒருவன் கொதிக்கக் கொதிக்கக் கஞ்சியை வீசியிருக்கிறான். காரணம் எதுவும் கிடையாது. மறுநாள் அதே ஆள் கம்பிக்குப் பின்னால் நின்று, “அண்ணே, ரொம்பச் சுட்டுடுச்சா?” என்று அக்கறையாக விசாரித்தானாம். “அவனுக்கு என்மேல கோவம் எதுவும் இல்லடா. மத்த பிளாக்குக்காரன் எல்லாம் அவனைப் பத்திப் பேசணும், அவ்வளவுதான். பார்க்க ஆள் இல்லைன்னா ரெண்டு நாள்ல அடங்கிடுவான்.”

படம் சொல்வதும் இதைத்தானே என்று எனக்கு ஒரே சந்தோஷம். அப்பாவிடம் சொன்னேன். அவர் கட்டு இருந்த கையைத் தேய்த்துக்கொண்டே, “அவன் பேசணும்னு நினைச்சது படமா வந்திருக்கு, அதானே?” என்றார்.

ஜூன் 7

நேற்று எழுதியதை மறுபடி படித்தேன். அப்பாவின் “பார்க்க ஆள் இல்லைன்னா அடங்கிடுவான்” என்ற கணக்கு ப்ரான்சனிடம் பலிக்கவில்லை. இந்த ஆள் தண்டனைக் காலத்தின் பெரும்பகுதி தனிமைச் சிறையில் கழித்தவர். பார்க்க ஆளே இல்லாத அறையில் வருடக்கணக்காக. அடங்கவில்லை. அல்லது, ஆளே இல்லாத இடத்தில் கதவைத் திறந்து வருகிற வார்டர்தான் ஒரே பார்வையாளர், அதனால்தான் அடி அவருக்கு விழுந்ததோ? அப்பாவிடம் கேட்டேன். “நான் சொன்னது எங்க ஜெயில் ஆளை” என்று முடித்துவிட்டார்.

ஜூன் 7, மாலை

இடையில் ஒரு வெண்ணெய்ச் செய்தி. படத்தில் நூலகரைப் பிணையாகப் பிடித்து வைத்துக்கொண்டு, உடம்பெல்லாம் வழவழவென்று பூசிக்கொண்டு, வார்டர்கள் வரட்டும் என்று காத்திருப்பான், ஞாபகம் இருக்கிறதா? படம் வந்து ஆறு வருடம் கழித்து, 2014இல் ஆர்சனல் கால்பந்து அணி எஃப்.ஏ. கோப்பை வென்ற சந்தோஷத்தில் நிஜ ப்ரான்சன் உடம்பு பூரா வெண்ணெய் தடவிக்கொண்டு பன்னிரண்டு வார்டர்களோடு மோதினார் என்று பத்திரிகைகளில் வந்தது. பிடிக்கப் போனால் வழுக்கும், அதுதான் தந்திரம். வெண்ணெய்க்காக அடி வாங்கியவனைத்தான் நமக்குத் தெரியும். வெண்ணெய் பூசி அடித்தவன் இவன் ஒருத்தன்தான்.

ஜூன் 8

வெண்ணெய் ஜோக்குக்கு நிறையப் பேர் சிரித்திருக்கிறீர்கள், நன்றி. நான்தான் இரவு தூங்கவில்லை, அந்த நூலகரை நினைத்து.

அந்தக் காட்சியில் போனில் கேட்பார்கள், உனக்கு என்ன வேண்டும் என்று. அவனிடம் பதில் இருக்காது. என்ன தருவீர்கள் என்று திருப்பிக் கேட்பான். படத்திலேயே நான் அதிகம் சிரித்த இடம் அது. கோரிக்கை என்று ஒன்றுமே இல்லாத பிணைக்கைதி நாடகம். நிஜத்திலும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஒரு தடவை நூலகரைப் பிடித்து வைத்துக்கொண்டு ஊதும் பொம்மை, ஹெலிகாப்டர், ஒரு கப் டீ என்று கேட்டதாகச் சொல்வார்கள். 1996இல் பெல்மார்ஷ் சிறையில் விமானக் கடத்தல்காரர்களாக உள்ளே வந்திருந்த ஈராக்கியர்களையே பிணையாகப் பிடித்து, கியூபாவுக்கு விமானம் கேட்டார். வாசிக்கிறவனுக்குச் சிரிப்பு வராமல் எப்படி இருக்கும்? ஆனால் சிரிக்கும்போது நான் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன்? அந்த மேடைக்கு எதிரே, கோட்டு சூட்டுப் போட்ட கூட்டத்தோடு.

கடைசிக் காட்சி இன்னும் மோசம். ஓவிய ஆசிரியரைக் கட்டிவைத்து, அவர் மேல் சாயம் பூசி, வாயில் ஆப்பிள் வைத்து, தலையில் தொப்பி மாட்டி, அவரையே ஒரு ஓவியமாக ஆக்கிவிடுகிறான். ஆஹா, கடைசியில் தன் கலையைக் கண்டுபிடித்துவிட்டான் என்று முதல் தடவை நான் எழுந்து நிற்காத குறை. நிஜத்தில் நடந்தது 1999, ஹல் சிறை. அவருடைய ஓவியம் ஒன்றை ஆசிரியர் குறை சொன்னார் என்பதற்காக 44 மணி நேரம் பிடித்து வைத்திருந்தார். அதற்குத்தான் 2000இல் ஆயுள் தண்டனை, குறைந்தது மூன்று வருடம் என்று. 26 பவுண்டுக்கு இத்தனை வருடமா என்று நாம் உச்சுக்கொட்டுகிறோமே, அவர் இன்றுவரை உள்ளே இருப்பது அந்தத் தபால் நிலையத்துக்காக இல்லை, அந்த ஆசிரியருக்காக. முதல் நாள் நான் எழுதியதிலும் இதை விட்டுவிட்டேன், பாருங்கள். 26 பவுண்டைச் சொல்ல வாய் வந்தது, 44 மணி நேரத்தைச் சொல்ல வரவில்லை.

44 மணி நேரம் என்றால் வெள்ளிக்கிழமை காலை 8 மணிக்கு ஆரம்பித்து ஞாயிறு விடியற்காலை 4 மணி. படத்தில் அது சில நிமிடம், பின்னணியில் அழகான இசை.

ஜூன் 8, இரவு

“அப்போ நான் சொன்னதுதானே சரி?” என்று கேட்டவர் மீசையை முறுக்குகிறார். பாதி சரி. காரணம் சொல்லவில்லை என்பது உங்கள் புகார், அதை நான் இன்னமும் ஏற்கவில்லை. காரணம் சொல்லியிருந்தால் படம் கெட்டுப்போயிருக்கும், பரிதாபப்பட்டு எழுந்து வந்திருப்போம். என் புகார் வேறு. அவன் ஒருவனுக்குக் காரணம் தேவையில்லை என்று விட்டது சரி, சுற்றியிருந்த மனிதர்களுக்கு முகமே தேவையில்லை என்று விட்டதுதான் உறுத்துகிறது. அதற்கும் ரெஃப்னின் ரசிகர்கள் ஒரு பதில் வைத்திருப்பார்கள்: எல்லாம் அவன் மண்டைக்குள் நடக்கிறது, அவன் மண்டைக்குள் வேறு யாருக்கும் முகம் இல்லை. நல்ல பதில்தான். போன வாரம் வரை நானே அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஜூன் 9

சின்னத் திருத்தம். வீட்டைப் பற்றி முதல் நாள் எழுதியதைப் படம் அப்படிக் காட்டுகிறது என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ப்ரான்சனுக்கு இந்தப் படத்தைப் பார்க்கவே 2011 வரை அனுமதி தரவில்லை. அதுவரை, அம்மாவுக்குப் பிடித்தால் எனக்கும் பிடிக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தார், அம்மாவுக்குப் பிடித்திருந்தது. பார்த்த பிறகு ஹார்டியைப் புகழ்ந்துவிட்டு அவர் சொன்ன முக்கியமான குறை, தனக்கும் தன் அப்பாவுக்கும் நடுவில் இருந்த நெருக்கத்தைப் படம் காட்டவில்லை என்பது. இத்தனை அடிதடியில் ஆளுக்கு உறுத்தியது அது. எனக்கு அவரிடம் பிடித்த ஒரே விஷயமும் அதுதான்.

ஜூன் 11

பரோல் விஷயம் கேட்டிருந்தீர்கள். 2023 மார்ச்சில் விசாரணை நடந்தது, அதுவும் பகிரங்கமாக. இங்கிலாந்தில் பரோல் விசாரணையைப் பொதுமக்கள் பார்க்கலாம் என்று விதி மாறியதே அதற்கு முந்தைய வருடம்தான். ப்ரான்சன் உட்கார்ந்திருந்தது வுட்ஹில் சிறையில், கூட்டம் உட்கார்ந்திருந்தது லண்டன் ராயல் கோர்ட்ஸ் நீதிமன்றக் கட்டடத்தில், திரையில் நேரலை. பழைய சண்டைகளை ரசித்ததை மறைக்கவில்லை. இப்போது தான் ஒரு ஓவியன், வன்முறையே பிடிக்காது என்றார். மார்ச் 30ஆம் தேதி முடிவு வந்தது, விடுதலை கிடையாது.

படம் எடுத்தபோது அந்த மேடையும் கூட்டமும் இயக்குநரின் கற்பனை. பதினைந்து வருடம் கழித்து அரசாங்கமே திரை கட்டி, நாற்காலி போட்டு, ஆட்களை உட்கார வைத்துவிட்டது.

அந்தச் செய்தியை நேற்று அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். ஓவியம், வன்முறை, எதற்கும் முகம் மாறவில்லை. முடித்ததும் கேட்டார்: “விசாரணை முடிஞ்சு செல்லுக்குத் திரும்பக் கூட்டிட்டுப் போனப்ப எத்தனை பேரு கூடப் போனாங்க, போட்டிருக்கா?”

போடவில்லை.